அம்பாசடர் மார்க் 2: பயர்வால் ஓட்டைகளை எதைக் கொண்டு, எந்த வரிசையில் அடைப்பது?

மார்க்2_மதுரை:

வண்டி 1972 மார்க் 2, 1489 சிசி பெட்ரோல். எஞ்சின், டேஷ்போர்டு, வயரிங் எல்லாம் இறக்கியாச்சு. பயர்வால், அதாவது எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு, இப்போது வெறும் தகடு. பழைய பெயின்டை உரித்த பிறகுதான் எத்தனை ஓட்டை என்றே தெரிகிறது.

கம்பெனி போட்டவை: மெயின் ஹார்னஸ் (வயர் கட்டு), ஸ்பீடோ கேபிள், சோக், ஆக்சிலரேட்டர், ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் தண்டு), பெடல்கள். பிற்பாடு யாரோ போட்டவை: ஏசி மாட்டிக் கழற்றிய இடத்தில் 50 மி.மீ. ஓட்டை இரண்டு, ஹார்ன் ரிலே, லைட் ரிலே என்று 5 முதல் 8 மி.மீ. வரை 11 ஓட்டைகள். பாதியில் எபாக்சி பட்டி, மீதியில் சைக்கிள் டியூப் துண்டு திணித்திருந்தது. பட்டி எடுத்த இடமெல்லாம் விளிம்பில் துரு.

டிங்கர் "மொத்தத்தையும் சிலிக்கான் வெச்சு மூடிடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எதை வெல்டு பண்ணுவது, எதற்கு ரப்பர், எதற்கு சீலண்ட்? பெயின்டுக்கு முன்னாலா பின்னாலா?

தகரப்பட்டறை:

சிலிக்கான் குழாயை முதலில் பட்டறைக்கு வெளியே வையுங்க. மூடி திறந்ததும் காடி வாசம் அடித்தால் அது அசிட்டிக் அமிலம் விட்டுக்கொண்டே இறுகும் வகை. வெறும் இரும்பில் வைத்தால் அதற்கு அடியிலேயே துரு பிடிக்கும், செம்பு வயரையும் பச்சை பூக்க வைக்கும். வாசம் இல்லாத நியூட்ரல் வகை இரும்பை அரிக்காது. ஆனால் அதுவும் பெயின்டுக்கு முன் ஆகாது. சிலிக்கான் தடவிய கை பட்ட இடத்தில் கூட பெயின்ட் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும். பெயின்டர் "ஃபிஷ் ஐ விழுது" என்று புலம்புவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

வரிசை இப்படி: வெல்டிங், கிரைண்டிங், எபாக்சி பிரைமர் இரண்டு கோட், பிரைமர் மேல் தகடு சேரும் இடங்களில் பி.யூ. (பாலியூரித்தேன்) சீம் சீலர், டாப் கோட், கடைசியில் கிரோமெட் (வயர், கேபிள் நுழையும் ஓட்டையின் விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம்). சீம் சீலரை வெறும் தகட்டில் போடாதீங்க. ஓரம் லேசாகத் தூக்கினாலும் அடியில் தண்ணீர் ஊர்ந்துவிடும். 310 மி.லி. குழாய் ஒன்று 4 மி.மீ. தடிப்பில் சுமார் 24 மீட்டர் ஓடும், ஒரு பயர்வாலுக்குத் தாராளம். அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2-3 மி.மீ. ஆழம். மேலே தோல் கட்டிவிட்டது என்று அவசரப்பட்டு மொத்தமாக அப்பினால் உள்ளே பச்சையாகவே நிற்கும்.

அந்த 11 சின்ன ஓட்டையையும் வெல்டு பண்ணிடுங்க. ரப்பர் மூடி போட்டு வைப்பது பிற்பாடு தலைவலி. பின்பக்கம் ஒரு தடித்த செம்புத் துண்டை அழுத்திப் பிடித்து, 0.8 மி.மீ. கம்பியில் மிக் வெல்டு: ஒரு பொட்டு, ஆறவிட்டு அடுத்த ஓட்டையில் ஒரு பொட்டு. உருகிய இரும்பு செம்பில் ஒட்டாது, பின்பக்கம் தட்டையாக நிற்கும். ஒரே ஓட்டையில் நின்று நிரப்பினால் தகடு தொப்பை போட்டுவிடும், அதைத் தட்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். துரு தின்ற விளிம்பை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்த பிறகுதான் இதெல்லாம்.

எபாக்சி பட்டி ஏன் நிற்கவில்லை என்றால், பயர்வால் தகடு எஞ்சின் சூட்டில் விரியும், ரோட்டில் அதிரும். பட்டி கல் மாதிரி. விளிம்பில் தலைமயிர் கனத்துக்கு ஒரு கீறல் விழும், அதில் தண்ணீர் தங்கும். நீங்கள் பார்த்த துரு அதுதான்.

வயர்மேன்_கோவை:

கிரோமெட் பற்றி மட்டும் சொல்கிறேன். "அம்பாசடர் கிரோமெட் செட்" என்று கேட்டு வாங்கினால் பாதி பொருந்தாது. மூன்று அளவு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்க: ஓட்டையின் விட்டம், தகட்டுக் கனம், உள்ளே போகும் வயர் அல்லது கேபிளின் விட்டம். முதல் அளவு கிரோமெட்டின் பள்ளத்து விட்டம், இரண்டாவது பள்ளத்தின் அகலம். உள் ஓட்டை மட்டும் கேபிளைவிட 1 அல்லது 1.5 மி.மீ. சிறியதாக இருக்கணும், அப்போதுதான் கவ்வும். அளவெல்லாம் பெயின்ட் அடித்த பிறகு எடுக்கணும். பிரைமரும் பெயின்டும் விளிம்பில் ஏறி ஓட்டையைச் சுருக்கியிருக்கும். சென்னை என்றால் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் வண்டிப் பெயர் சொல்லாமல் அளவு சொல்லிக் கேட்டால் வேலை முடியும்.

ரப்பர் எது என்பதும் முக்கியம். ஈ.பி.டி.எம். சூடும் ஓசோனும் தாங்கும், ஆயில் பட்டால் ஊதும். நைட்ரைல் ஆயில் தாங்கும், ஆனால் வெயிலிலும் காற்றிலும் வெடிக்கும். பயர்வால் உயரத்தில் ஈ.பி.டி.எம். சரி, பெடல் பக்கம் கீழே ஆயில் தெறிக்கும் இடத்தில் நைட்ரைல். மாட்டும்போது கிரீஸ் தடவாதீங்க, சோப்புத் தண்ணீர் போதும். பெரிய கிரோமெட் ஏறவில்லை என்றால் கண்ணாடி பீடிங் மாட்டுகிற வித்தைதான்: பள்ளத்தில் சணல் நூலைச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு, ஒருவர் வெளியிலிருந்து அழுத்த, இன்னொருவர் உள்ளிருந்து நூலை இழுத்தால் உதடு தானாகத் தாண்டிவிடும்.

ஸ்பீடோ கேபிளின் நட்டு பெரியது, கிரோமெட்டைக் கீறித்தான் மாட்டணும் என்றால், பிளேடைச் சாய்த்துக் கீறுங்க. உதடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும். கீறல் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கட்டும்.

இப்போது பலரும் கோட்டை விடும் இடம் ஹார்னஸ். கிரோமெட் கச்சிதமாக இருக்கும், வெளியே ஒரு சொட்டு தெரியாது, ஆனால் ஃபியூஸ் பாக்ஸ் ஈரமாக இருக்கும். தண்ணீர் கிரோமெட்டைச் சுற்றி வருவதில்லை. ஹார்னஸின் உள்ளே வயருக்கும் வயருக்கும் நடுவே திரி மாதிரி ஏறி வரும். துணி டேப் சுற்றிய பழைய ஹார்னஸில் இது நிச்சயம். கிரோமெட் உட்காரும் இடத்தில் 40 மி.மீ. நீளத்துக்கு டேப்பைப் பிரித்து, வயர்களை விசிறி மாதிரி விரித்து, பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) நடுநடுவே அழுத்தி, மறுபடி உருட்டி டேப் சுற்றுங்க. பியூட்டைல் இறுகாது, நாளைக்கு ஒரு வயர் மாற்றணும் என்றாலும் பிரிக்கலாம். அதோடு ஹார்னஸ் ஓட்டைக்குள் நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விட்டு, கீழே இறங்கி மேலேறி நுழைய வைத்தால் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

ஓட்டை விளிம்பை அரைவட்ட அரத்தால் இரண்டு பக்கமும் மழுக்குங்க. ரப்பர் விலகிய ஒரு நாளில் பிசிறு வயரைத் தின்றால் ஷார்ட்தான்.

சூடுகண்டபூனை:

மேலே இரண்டு பேரும் தண்ணீரையே பேசுகிறீர்கள். எனக்குப் பெரிய கவலை புகையும் தீயும். ஜன்னலைத் திறந்து ஓட்டும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து, எஞ்சின் பக்கத்துக் காற்றை ஒவ்வொரு ஓட்டையும் உள்ளே உறிஞ்சும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் லேசாகக் கசிந்தாலும் கார்பன் மோனாக்சைடு அந்த வழியாகத்தான் வரும், அதற்கு வாசமும் கிடையாது.

இந்த பி.எம்.சி. பி-சீரிஸ் எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், இடப்பக்கம். அதாவது சூடு முழுக்கப் பக்கத்து சீட்டுக்காரர் காலடியில். அந்தப் பக்க ஓட்டைகளுக்கு மட்டும் தகரப்பட்டறையோடு எனக்கு உடன்பாடில்லை. பி.யூ. 90 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் தாங்காது, பியூட்டைல் அதற்கு முன்னாலேயே இளகி வழியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த்தொகுதி) அருகில், பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு, நியூட்ரல் வகை ஹை டெம்பரேச்சர் சிலிக்கான்தான் சரி. ஆனால் சிவப்புச் சிலிக்கான் சூடு தாங்கும் என்பதால் தீயைத் தடுக்கும் என்று நினைக்காதீங்க. தீயைத் தடுப்பது இரும்புத் தகடு. ஓட்டை எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

டப்பாவில் வருகிற ஸ்ப்ரே ஃபோமை மட்டும் தொடவே தொடாதீங்க. எரியும், எரியாத நாளில் தண்ணீரைப் பிடித்து வைத்துத் தகட்டை அரிக்கும்.

ஸ்டீயரிங் காலமும் பெடலும் அசைகிற உறுப்புகள். அங்கே எந்தப் பசையும் நிற்காது. 2 மி.மீ. நியோபிரீன் ஷீட் வெட்டி, காலத்தின் விட்டத்தைவிட 3 மி.மீ. சிறிய ஓட்டை போட்டு ஏற்றி, மேலே இரண்டு பாதியாக வெட்டிய 1 மி.மீ. இரும்பு வளையத்தை வைத்து ஸ்குரூ போடுங்க. ஷீட் ஒரு காலர் மாதிரி மடங்கி நிற்கும், அசைந்தாலும் கவ்வும். கியர் லீவர் ஸ்டீயரிங் காலத்திலேயே இருப்பதால், எல்லா கியரையும் போட்டுப் பார்த்து, ராடு எதுவும் ஷீட்டில் உரசவில்லை என்று உறுதி செய்த பிறகு ஸ்குரூவை இறுக்குங்க. தரைத்தகட்டைத் துளைத்து வருகிற பெடல்களுக்கு வட்ட ஓட்டை வேண்டாம், பெடல் போகும் நீளத்துக்கு ஒரு கீறல். இரண்டு ஷீட் அடுக்கி, கீறல்கள் ஒன்றுக்கொன்று தள்ளி விழ வையுங்க. பெடலை விட்டதும் ஷீட் பிடித்து இழுக்காமல் முழுசாகத் திரும்புகிறதா பாருங்க. இது விளையாட்டில்லை, பிரேக்.

மார்க்2_மதுரை:

நன்றி. ஒரு சந்தேகம்: 50 மி.மீ. ஓட்டை இரண்டையும் வெல்டு பண்ணணுமா? பிற்பாடு ஏசி போடும் எண்ணம் இருக்கிறது. பிறகு, எல்லாம் மாட்டிய பின் அடைப்பு சரியா என்று எப்படிச் சோதிப்பது?

தகரப்பட்டறை:

ஏசி போடுவீர்கள் என்றால் வெல்டு வேண்டாம். 1 மி.மீ. தகட்டில் 80 மி.மீ. வட்டம் வெட்டி, அடியில் கேஸ்கெட் வைத்து, 4 ஸ்குரூ. ஏசி வரும்போது அதே தகட்டில் ஹோஸுக்கு ஓட்டை போட்டுக்கொள்ளலாம், பயர்வாலைத் தொட வேண்டியதில்லை. ஏசி தண்ணீர் வடியும் பைப்புக்குத் தனி ஓட்டை, அந்தத் தண்ணீர் சேரும் டிரேயைவிடத் தாழ்வாக.

சூடுகண்டபூனை சொன்ன மேனிஃபோல்டு பக்கத்துச் சிலிக்கான் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். பெயின்டர் வீட்டுக்குப் போன பிறகு.

சோதனை மூன்று. கார்பெட், இன்சுலேஷன் போடுவதற்கு முன்னாலேயே செய்யுங்க. இரவில் பானெட்டுக்குள் பளிச்சென்ற லைட்டைப் போட்டுவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்தால் ஊசித் துளையும் தெரியும். இரண்டாவது, ஒரு ஜன்னலை மட்டும் அட்டையால் அடைத்து, அதில் டேபிள் ஃபேனைப் பொருத்தி உள்ளே காற்றை ஊதவிட்டு, எஞ்சின் பக்கம் சோப்புத் தண்ணீர் தெளியுங்க. கசிகிற இடம் நுரைக்கும். சிலர் ஊதுபத்தி பிடித்துப் பார்ப்பார்கள். பெட்ரோல் லைன் மாட்டிய வண்டியில் அந்த வேலையே கூடாது.

மூன்றாவது தண்ணீர். உள்ளே தரையில் சாக்பீஸ் தூளைத் தூவிவிட்டு, ஹோஸைக் கீழிருந்து தொடங்கி மேலே கொண்டு போங்க, ஒவ்வொரு உயரத்திலும் 5 நிமிஷம். மேலிருந்து ஆரம்பித்தால் எது கசிந்தது என்றே தெரியாது. தூளில் தண்ணீர் கோடு போட்டுக் காட்டும். கோடு பயர்வாலின் மேல் மூலையிலிருந்து இறங்கினால் கிரோமெட்டைக் குறை சொல்லாதீங்க, முன்கண்ணாடி ரப்பரைப் பாருங்க.