பிரின்ஸ்டன் சிஐடிபியில் இருந்தவர்கள் பிறகு எங்கே போகிறார்கள்?

கேள்வி:
மகளுக்குக் கணினி அறிவியல் கடைசி வருஷம். "வெறும் கோடிங் வேண்டாம்ப்பா, கொள்கைப் பக்கம் போகிறேன்" என்கிறாள். பிரின்ஸ்டனில் தகவல் தொழில்நுட்பக் கொள்கைக்கென்றே சிஐடிபி என்று ஒரு மையமாம். அங்கே இருந்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்குச் சோறு கிடைக்குமா?

பதில் 1:
முதல் இயக்குநர் எட் ஃபெல்டனையே பாருங்கள். 2011ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு, வணிகப் போட்டியைக் கவனிக்கும் அரசு ஆணையமான எஃப்டிசியின் முதல் தலைமைத் தொழில்நுட்பவியலாளர், 2015ல் வெள்ளை மாளிகை. அப்புறம் பிளாக்செயின் கம்பெனி. சோறென்ன, விருந்தே!

பதில் 2:
எனக்குப் பிடித்தவர் அவருடைய மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன். 2006ல் அங்கே டீபோல்ட் வாக்கு இயந்திரம் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்தார்கள். மெமரி கார்டு வழியாக வைரஸ் பரவும் என்று காட்டினார்கள். அதைவிடக் கூத்து, அந்த இயந்திரத்தின் கதவுக்கு ஹோட்டல் மினிபார் சாவியே போதும்! பிறகு மிச்சிகனில் பேராசிரியர். 2010ல் நம் வாக்கு இயந்திரத்தை ஆராய்ந்த குழுவிலும் அவர் உண்டு.

பதில் 3:
எல்லாரும் பேராசிரியர் ஆவதில்லை. அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களைப் படிக்க பேசர் (PACER) என்ற அரசுத் தளத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. ஒருவர் காசு கட்டி எடுத்ததை மற்றவர்களும் இலவசமாகப் படிக்க வழி செய்தது ரீகேப் (RECAP) என்ற பிரௌசர் நீட்சி, 2009. பேசரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்ட குறும்புப் பெயர். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹார்லன் யூ, மையத்தில் பணியாற்றிய டேவிட் ராபின்சனோடு சேர்ந்து, தொழில்நுட்பத்தில் நீதி, சமத்துவத்துக்காக வேலை செய்யும் அப்டர்ன் அமைப்பைத் தொடங்கினார். சம்பளம் கூகுள் அளவு இருக்காது, அதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
சரி, சொல்லிவிட்டேன். மினிபார் சாவிக் கதையை மட்டும் இரண்டு தரம் கேட்டாள்.