ஏற்காட்டில் ஒட்டிய கிட்டார் அம்மாபேட்டையில் வெடித்த கதை

கையால் செய்த மரச்சாமான் பற்றிய பேச்சில் ஊஞ்சல், பூஜை அலமாரி, பேரனுக்கு நடைவண்டி என்று ஆளாளுக்குச் செய்ததைச் சொல்லிவிட்டீர்கள். என் பங்குக்கு ஒரு கிட்டார். மெஷின் எதுவும் கிடையாது. இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, கைவாள், அரம், அப்புறம் ஒரு ஆசாரி.

வேலை விஷயமாக இரண்டு வருஷம் ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் குடியிருந்தேன். பக்கத்து வீட்டு ஆசாரிக்கு எழுபது தாண்டியிருக்கும். எஸ்டேட் பங்களாக்களுக்கு நிலை, கதவு, ஜன்னல் செய்தே காலத்தை ஓட்டியவர். கிட்டாரை சர்ச்சில் தூரத்தில் பார்த்ததோடு சரி. எனக்கோ வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் தெரியும், உளி பிடிக்க மட்டும் தெரியாது.

பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட். சேலம் அம்மாபேட்டை வீட்டுப் பரணில் பாட்டியின் கட்டில் கழற்றிக் கிடந்தது, அதன் தலைமாட்டுப் பலகைதான். புதிதாக ஈட்டி வாங்கும் யோசனையே வேண்டாம். அந்த மரத்தைக் காப்பாற்றவே 1994இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள். கழுத்துக்குச் சந்தன வேம்பு. ஸ்பெயின் கிட்டார்களுக்குக் கழுத்து செய்கிற செட்ரோவும் இதுவும் பங்காளிகள், இரண்டுமே வேம்புக் குடும்பம்தான்.

மேல்பலகைக்குத்தான் அலைந்தேன். வழக்கமாக அதற்குப் போடுகிற ஸ்புரூஸ் குளிர்நாட்டு ஊசியிலை மரம், நம் ஊரில் எங்கே போய்த் தேடுவது? கடைசியில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய மரக்கடையில், வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த பெட்டியை உடைத்துப் போட்டிருந்தார்கள். ஸ்புரூஸோ பைனோ, வெள்ளையாக, லேசாக இருந்தது. நான் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆசாரி ஒவ்வொரு பலகையாக இரண்டு விரலில் தொங்கவிட்டு, பானை வாங்குகிறவர் மாதிரி சுண்டிச் சுண்டிக் காதில் வைத்துப் பார்த்தார். தவிலுக்குப் பலா பார்க்கிறபோது இப்படித்தானாம். நான்கு பலகையைத் தேர்ந்தெடுத்தார். நான்கிலும் வளையக் கோடுகள் பலகை முகத்துக்கு நிமிர்ந்து நின்றன. வீடியோவில் சொன்னதும் அதேதான்!

இழைக்கும்போது சண்டை. மேல்பலகை இரண்டரை மில்லிமீட்டருக்கு வரவேண்டும் என்றேன். ஐந்தில் வந்ததும் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏன் தம்பி, அப்பளம் மாதிரி பலகையில எவனாச்சும் கம்பி இழுத்துக் கட்டுவானா?”

நைலான் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும் என்று நான் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. “அப்ப இன்னும் கனமா வேணும்” என்று எழுந்தே போய்விட்டார். உள்ளே விசிறி மாதிரி மெல்லிய குச்சிகளை ஒட்டி அந்த இழுப்பைத் தாங்கவைப்பார்கள் என்று மறுநாள் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “ஓட்டு வீட்டுக்குக் கைமரம் கொடுக்கற மாதிரி” என்றார். அதற்குப் பிறகு அந்த வேலையில் என் கை படவே விடவில்லை. நான்கு, மூன்றரை, மூன்று என்று இறங்க இறங்கச் சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது, சுண்டினால் வருகிற சத்தமும் மாறியது. கட்டையாக ‘டொக்’ என்றது போய், இரண்டே முக்காலில் ‘டொம்ம்’ என்று இழுத்தது. அங்கேயே நிறுத்திவிட்டார். நானும் ஸ்கேலை எடுக்கவில்லை.

பக்கங்களை வளைக்க, இரும்புக் குழாய்க்குள் கரி போட்டுப் பழுக்கவிட்டோம். ஊறவைத்த ஈட்டியை அதன்மேல் அழுத்தினால் ஆவியோடு ஒரு இனிப்பு வாசம். நான் அவசரப்பட்டதில் முதல் துண்டு இடுப்பு வளைவில் படக்கென்று உடைந்தது. அதில் கனம் இன்னும் மூன்று மில்லி இருந்தது. இரண்டுக்குக் கொண்டுவந்த பிறகு முறம் வளைகிற மாதிரி வளைந்தது.

இப்போது என் முட்டாள்தனம். பின்பலகைக்குக் குறுக்குச் சட்டங்களை ஒட்டியது நவம்பரில். வெளியே நாள் முழுக்கப் பனிமூட்டம், கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. “அடுப்புக்கு மேல பரண்ல ஒரு மாசம் கிடக்கட்டும், அப்புறம் ஒட்டலாம்” என்றார் ஆசாரி. கட்டில் பலகை, எண்பது வருஷம் காய்ந்தது, இனி என்ன காயப்போகிறது என்று வாதாடி ஒட்டவைத்தேன். பழைய மரமும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை.

மார்ச்சில் மாற்றலாகிக் கீழே வந்தேன். ஏப்ரலில் ஒரு மத்தியானம், சுவரில் மாட்டியிருந்த கிட்டாரிலிருந்து பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பின்பலகையில் நீளவாக்கில் விரிசல், நகம் நுழைகிற அளவு. காரணம் சின்னதுதான். மரம் காய்ந்தால் அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. பின்பலகை அகலத்தில் சுருங்கப் பார்க்கிறது, குறுக்கே ஒட்டிய சட்டம் தன் நீளத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பலகை வெடிக்காமல் என்ன செய்யும்?

போன் செய்தேன். திட்டவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பஸ்ஸில் கருவிப் பையோடு வந்துவிட்டார். ஒட்டியது வஜ்ரம், சூடும் ஈரமும் பட்டால் இளகுகிற பசை, அதனால் பிழைத்தோம். சாப்பாட்டுக் கத்தியை வெந்நீரில் முக்கி ஓரமாக நுழைத்து நகர்த்த நகர்த்த, பின்பலகை முழுசாகக் கழன்று வந்தது. சட்டங்களையும் எடுத்துவிட்டு, பத்து நாள் சேலத்து வெயில் காலத்துக் காற்றில் சும்மா வைத்தோம். அகலம் ஏறத்தாழ 2 மி.மீ. குறைந்திருந்தது. பிறகு விரிசலில் ஈட்டிச் சிம்பு செருகி, சட்டங்களைத் திரும்ப ஒட்டி மூடினார். இரண்டு கோடை போய்விட்டது, வெடிச் சத்தம் இல்லை.

– அம்மாபேட்டைக்காரன்

*

நான் வீணை வாசிக்கிறவள், சூரமங்கலம். எங்கள் மெட்டுகள், அதாவது கம்பியை அழுத்தச் சுரம் தருகிற குறுக்குக் கட்டைகள், மெழுகில் உட்காருகிறவை. சுருதி தப்பினால் மெழுகை இளக்கி, காதுக்குச் சரியாக நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் மெட்டுக்குப் பள்ளம் அறுத்தால் அறுத்ததுதானே? எப்படித் தைரியமாக வாளை வைத்தீர்கள்?

– இருபத்துநாலு மெட்டு

*

தைரியம் எங்கே, கணக்குதான். கம்பியின் நீளம் 650 மி.மீ. அதை 17.817ஆல் வகுத்தால் 36.48, அது முதல் ஃப்ரெட், உங்கள் பாஷையில் மெட்டு. மிச்சத்தைத் திரும்ப அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. பன்னிரண்டாவது சரியாக நடுவில், 325இல் வந்து விழும். ஆசாரி முழக்கோலை எடுத்துக்கொண்டு, “இதென்ன, இடம் தேய்ஞ்சுக்கிட்டே போகுது” என்று இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் அறுத்தார். ஃப்ரெட் தப்பவில்லை. நான் பிரிட்ஜில், கம்பிகள் மேல்பலகையில் முடிகிற கட்டையில், தப்பினேன். அதில் கம்பியைத் தாங்கும் எலும்புத் துண்டைக் கணக்கு சொன்ன 650இலேயே உட்காரவைத்துவிட்டேன். விரலால் அழுத்தும்போது கம்பி இன்னும் கொஞ்சம் இழுபடும், அதனால் மேலே போகப் போக சுருதி ஏறியது. எலும்பை இரண்டு மில்லி பின்னால் தள்ளிய பிறகுதான் சரியானது.

– அம்மாபேட்டைக்காரன்

*

செம்மநத்தம் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் ஒன்று காற்றில் சாய்ந்தது. அறுத்தால் பலகையில் மீன் செதில் மாதிரி மின்னுகிறது. எட்டு மாதமாக ஷெட்டில் கிடக்கிறது. பின்பலகைக்கு ஆகுமா, இல்லை ஈட்டிதான் வேண்டுமா?

– காப்பித் தோட்டம்

*

தாராளமாக ஆகும். டோரஸ் என்ற ஸ்பெயின்காரர் 1862இல் பின்னாலும் பக்கமும் காகித அட்டையிலேயே ஒரு கிட்டார் செய்தார், குரலுக்கு மேல்பலகைதான் முக்கியம் என்று காட்ட. ஆனால் பலகையை மலையில் வைக்காதீர்கள். கீழே சொந்தக்காரர் வீட்டில் போடுங்கள், ஒரு கோடையாவது பார்க்கட்டும். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது மரவேலைக்காரர்கள் கணக்கு.

ஆசாரி கூலி வாங்கினாரா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பணம் வேண்டாம் என்றுவிட்டார். உடையாமல் மிச்சமிருந்த மூன்று கட்டில் கால்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், உளிகளுக்குப் பிடி போட.

– அம்மாபேட்டைக்காரன்