மாஃப் சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பது) ஸ்கேலிங் (அதன் அளவீட்டு டேபிளைத் திருத்துவது): உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை டர்போ
பழைய ஆக்டேவியா 1.8 டர்போ. பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை), பாட் ஃபில்டர் (பெட்டி இல்லாத திறந்த ஏர் ஃபில்டர்) எல்லாம் போட்டு, வேறொருவர் ட்யூன் செய்த பிறகுதான் என் கைக்கு வந்தது. ட்ரிம் (பெட்ரோல் அளவில் என்ஜின் கம்ப்யூட்டரான இசியு தானே செய்யும் திருத்தம்) ஜீரோவை ஒட்டி நிற்கிறது, காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல என்ஜினிலிருந்து ஒரு சத்தம். காலை எடுத்தால் நிற்கிறது, மிதித்தால் மறுபடி அதே.

இசியு எண்களின் பதிவான லாக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இன்ஜெக்டர் பெரிதானதை அதற்குரிய இடத்தில் மாற்றாமல், மாஃப் டேபிளைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள். பெட்ரோல் கணக்கு அதில் சரியாகிவிடும். ஆனால் லோடு (என்ஜின் சுமை) கணக்கும் அதே மாஃபிலிருந்துதானே வருகிறது? உண்மையில் 100 கிராம் காற்று போகும்போது 75 என்று இசியு நம்பினால், லோடு குறைவு என்று டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை) முன்னால் தள்ளும், கேட்ட லோடு வரவில்லை என்று பூஸ்டையும் (டர்போ அழுத்தத்தையும்) ஏற்றும். அந்தச் சத்தம் அதனால் வந்த நாக்கிங். எந்த மீட்டரைப் பார்த்தாலும் நல்ல ட்யூன் மாதிரியே தெரிந்தது. அதுதான் இன்னும் மனதை உறுத்துகிறது.

ஆல்டிஸ் 1.8
எனக்கு நேர்மாறு. வண்டியில் ஒன்றையும் மாற்றவில்லை. லாங் டெர்ம் ட்ரிம் (நீண்ட காலத் திருத்தம்) மட்டும் பழையதைவிட நாலைந்து சதவீதம் ஏறி அங்கேயே நின்றது. ஒர்க்‌ஷாப்பில் மாஃப் போய்விட்டது என்றார்கள். மெக்கானிக் புது சென்சார் பெட்டியைப் பிரிக்கப் போகும்போது நிறுத்தச் சொன்னேன். ஐடிலில் ஏறியதும் ஹைவேயில் ஏறியதும் ஒரே அளவு. காற்று லீக் என்றால் ஐடிலில் அதிகமாகவும் ஆர்பிஎம் கூடக் கூடக் குறைவாகவும் காட்டியிருக்கும்.

காரணம் பெட்ரோல். இ10-க்கு (10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) சரியான காற்று-பெட்ரோல் விகிதம் சுமார் 14.1, இ20-க்கு (20 சதவீதம்) சுமார் 13.5. வித்தியாசம் நாலு சதவீதத்துக்கு மேல். பங்கில் எரிபொருள் மாறியதற்கு மாஃப் டேபிளைத் திருத்தினால், கோவை டர்போ சொன்ன அதே லோடு பிரச்சனையை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம்.

சேலம் ட்யூனர்
கோவை டர்போ அண்ணா, இன்ஜெக்டரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு பாட் ஃபில்டரை ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். அதை ஒத்துக்கொள்ள முடியாது. ஒரு வண்டியில் வளைவுக் குழாயை ஒட்டியே சென்சாரை வைத்திருந்தார்கள். என்ஜின் ஐடிலில் இருக்கும்போது குழாயைக் கையால் கால் சுற்று திருப்பினேன். திரையில் கிராம் எண் மாறியது! காற்று அதேதான், சென்சார் மேல் படும் விதம்தான் வேறு.

புதிதாகச் செய்பவர்களுக்கு: முதலில் ஸ்மோக் டெஸ்ட் (குழாய்க்குள் புகை விட்டுப் பார்ப்பது) போட்டு லீக் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இன்ஜெக்டர் டேட்டா சரியாக இருக்கட்டும். சென்சார் இருக்கும் ஹவுசிங் குழாயின் உள்விட்டத்தை 60 மில்லிமீட்டரிலிருந்து 70-க்கு மாற்றினால் பரப்பு 1.36 மடங்கு ஆகிறது. டேபிள் முழுவதையும் அதால் பெருக்கித் தொடங்குங்கள், அது தொடக்கம் மட்டுமே. குளோஸ்டு லூப்பில் (ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியு திருத்தும் நிலையில்) ஷார்ட், லாங் இரண்டு ட்ரிம்மையும் கூட்டித் திருத்துங்கள். ஃபுல் த்ராட்டிலில் வைட்பேண்ட்: கேட்டது 12.5, வந்தது 13.1 என்றால் அந்த வோல்டேஜ் பகுதியை 1.048-ஆல் பெருக்குங்கள். த்ராட்டிலை மிதித்து விடும் நொடிகளின் லாக்கைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. டேபிளில் தனி ஒரு செல்லை மட்டும் தூக்கிவிடாதீர்கள். ஹாட் வயர் சென்சாரின் வளைவு (வோல்டேஜுக்கு எவ்வளவு காற்று என்ற கோடு) வழவழப்பாகத்தான் ஏறும், நடுவில் மேடு வந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

கோவை டர்போ
தம்பி, நீங்கள் சொன்னது சரிதான். இன்ஜெக்டர் அளவைச் சரியாக எழுதி, மாஃப் டேபிளை ஸ்டாக்குக்குக் (கம்பெனி அளவுக்கு) கொண்டுவந்ததும் சத்தம் போய்விட்டது. ஆனால் நடு ரேஞ்சில் ட்ரிம் கொஞ்சம் பிளஸ்ஸில் நிற்கிறது. அது பாட் ஃபில்டரின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். ஸ்டாக் ஏர்பாக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பூர் டீசல்
எல்லாரும் பெட்ரோலையே பேசுகிறீர்கள். டீசலில் மாஃப் முக்கியமாக இஜிஆருக்கும் (வெளியேறும் புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்குள் விடும் அமைப்பு) புகைக் கட்டுப்பாட்டுக்கும். குறைத்துப் படித்தால் காற்றே இல்லை என்று இசியு டீசலைக் குறைத்துவிடும். ஒருவர் பிக்கப்பே இல்லை என்று வந்தார். மாஃப் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்றேன். திரும்பி வந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. வண்டி பறக்கிறது, இப்படியே விட்டுவிடுங்கள் என்கிறார். சோதிப்பதற்காகக் கழற்றியது, இசியு இப்போது குத்துமதிப்பான எண்ணை வைத்து ஓடுகிறது, சென்சாரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. செக் என்ஜின் லைட் எரிய எரிய ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை.