கொல்லைப்புறம் 20க்கு 32 அடி: சேறு, கொசு, வெக்கை. எதை முதல்ல சரிசெய்யணும்?

வாசற்கோலம்:
ஊர் தஞ்சாவூர் பக்கம், களிமண். வடமேற்கு மூலையில் பெரிய வேம்பு, சமையலறைச் சுவரோரம் முருங்கை, மதிலோரம் பூஜைக்கு அரளி. சமையல் தண்ணீர் குழாய்ல வந்து வாழையடியில் தேங்குது. ஆறு மணிக்கு மேல் கொசு நிக்க விடாது. 4, 9 வயசுப் பிள்ளைகள், மூட்டுவலியுள்ள பாட்டி உட்பட ஆறு பேர். மொத்தமும் சிமென்ட் தளம் போட்டு, முருங்கையில் ஊஞ்சல், மேலே நிழல்வலை என்று எண்ணம். சரியா வருமா?

ரசமட்டம்:
சிமென்ட் கடைசியில பாக்கலாம், முதல்ல தண்ணீர். சாயங்காலத்துல இருந்து ராத்திரி வரை கடிக்கிறது பெரும்பாலும் கியூலெக்ஸ், அழுக்குத் தண்ணியில முட்டையிடுற கொசு. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தேங்கலை நிறுத்தாம புகை போட்டா அன்னைக்கு மட்டும்தான் நிம்மதி.

சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் ஆளுக்கு 20 லிட்டர்னு வச்சாலும் உங்க வீட்ல தினம் 120 லிட்டர் வெளியே வரும். உறிஞ்சிக் குழி உங்க மண்ணுக்கு ஒத்து வராது. களி மெதுவாத்தான் குடிக்கும், ஐப்பசி கார்த்திகையில குழி அடியிலிருந்தே நிரம்பிடும். அதனால ஆழம் குறைச்சு நீளம் கூட்டுங்க:

குழாய் முடியுற இடத்துல ஒன்றரை அடிச் சதுரத்துல செங்கல் தொட்டி, மேல மூடி. வெளியேறும் குழாய்க்கு 'T' வடிவ இணைப்பு போட்டு, அதன் வாயைத் தண்ணி மட்டத்துக்கு அரை அடி கீழே இறக்கிவிடுங்க. எண்ணெய் மேலேயே மிதந்து நிக்கும், வாரம் ஒருதடவை அள்ளிப் போடணும். இதை விட்டா எண்ணெய்ப் பிசுக்கு ஜல்லியில படிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள அடைச்சுக்கும்.

அங்கிருந்து 12 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துல வாய்க்கால். அடியில ஒரு அடி உயரத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, அதுக்குள்ள துளை போட்ட 4 அங்குலப் பிவிசி குழாய், 10 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் (சரிவு). மேல பழைய நிழல்வலையை மடிச்சுப் போட்டு அரை அடி மண். ஒன்றரை அடிக்கு ஒரு கல்வாழை. தண்ணி மேல தெரியவே கூடாது, தெரிஞ்சா கொசு திரும்ப வந்துடும். மதில் அஸ்திவாரத்துக்கு 4 அடி தள்ளி வெட்டுங்க.

ஊஞ்சல்பலகை:
முருங்கையில ஊஞ்சல் வேண்டவே வேண்டாம். மெதுவான மரம், வளையாம சட்டுனு ஒடியும். மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி வேற தலையில விழும். வேம்புல 8 அங்குலம் கனமுள்ள, பொந்தில்லாத பச்சைக் கிளை இருந்தா பாக்கலாம். கயிறு நேரா பட்டா பட்டை அறுந்து கிளை காயும், அகலமான பெல்ட் சுத்தித் தொங்கவிடுங்க. நைலான் கயிறு வெயில்ல நைஞ்சுபோகும். 8 மி.மீ. சங்கிலி நல்லது.

கிளை சரியில்லன்னா 2 அங்குல கனமான ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்புல 'ஏ' வடிவச் சட்டம். நாலு காலும் 2 அடி ஆழக் கான்கிரீட்டில் நிக்கணும். குறுக்குப் பைப் 6 அடி உயரம்னா முன்னும் பின்னும் தலா 12 அடி காலியா வேணும். அதனால 32 அடி நீளவாக்கில்தான் ஆடணும், மதிலைப் பார்த்து ஆடக் கூடாது. அடியில ஒரு அடி கனத்துக்கு ஆத்துமணல். எம்-சாண்ட் (கல்லை உடைச்சுச் செய்யுற மணல்) இறுகிடும், விழுந்தா அடி படும். பூனை வரும், ராத்திரி தார்ப்பாய் மூடுங்க.

நித்தியமல்லி:
எல்லாத்துக்கும் முன்னாடி அந்த அரளி. இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். 4 வயசுப் பிள்ளை கைக்கெட்டும் உயரத்துல இருக்கவே கூடாது. வேரோட எடுத்துப் புதைச்சிடுங்க, எரிச்சா புகையும் ஆகாது. பூஜைக்கு நந்தியாவட்டையும் செம்பருத்தியும் போதாதா?

பாட்டிக்குத் தாழ்ந்த இருக்கை ஆகாது. 18 அங்குல உயரத் திண்ணை, ஒரு பக்கம் பிடிச்சு எழக் கைப்பிடி. வீட்டுக் கதவிலிருந்து அதுவரை 3 அடி அகலப் பாதை மட்டும் சொரசொரப்பான கல்லால போடுங்க, 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம். கறுப்புக் கடப்பா கல் பகல்ல கால் சுடும். வேம்படியில புல் வராது, ஆசைப்பட்டுக் காசைக் கொட்டாதீங்க.

நிழல்வலை உட்காரும் இடத்துக்கு 75 சதவீதம் வெயிலைத் தடுக்கிறது, காய்கறிக்கு 50. ஐப்பசிக்கு முன்னாடி கழட்டிடணும், புயல்ல பாய்மரம் மாதிரி கம்பத்தையே பிடுங்கும்.

வாசற்கோலம்:
ரொம்ப நன்றி. ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு: வாழை இருக்கும் இடத்திலிருந்து 25 அடியில் கிணறு இருக்கு. குடிக்க அதுதான்.

ரசமட்டம்:
அப்போ நான் சொன்ன வாய்க்கால் ஆகாதுங்க. குடிக்கிற கிணத்துக்கும் கழிவு இறங்குற இடத்துக்கும் 50 அடியாவது வேணும். அதே அளவுல செங்கல் தொட்டியா கட்டி, உள்ளே பூசி, தண்ணி கசியாம பண்ணுங்க. ஜல்லி, கல்வாழை அப்படியே இருக்கட்டும். மறுமுனையில விளிம்புக்கு அரை அடி கீழே ஒரு குழாய் வச்சுத் தெருச் சாக்கடைக்கு விடுங்க. பூச்சு காஞ்சதும் தண்ணி நிரப்பி மூணு நாள் மட்டம் குறையுதான்னு பாத்துட்டு ஜல்லி போடுங்க. கிணத்து வாய்க்கு இரும்பு வலைமூடி, பூட்டோட. ஊஞ்சல் போடுறதுக்கு முன்னாடி அதைச் செஞ்சிடுங்க.