20 அங்குல மடிப்பு சைக்கிளுக்கு ஹப் கியர்: எட்டா, மூன்றா, வேண்டவே வேண்டாமா?

மடிவண்டி:
என்னுடையது 20 அங்குல மடிப்பு சைக்கிள். 406 மி.மீ. ரிம், 40 மி.மீ. டயர், 7 கியர் டீரெய்லர் (பின்சக்கரத்துக்கு வெளியே தொங்கி, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி). சக்கரம் சின்னது என்பதால் டீரெய்லர் தரையை ஒட்டியே தொங்குகிறது. மழை பெய்தால் சேறு எல்லாம் அதில்தான். மடித்துத் தூக்கும்போது எதிலாவது இடித்து வளைந்தும் விடுகிறது. கியர் எல்லாம் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே (ஹப்) மூடியிருக்கும் ஹப் கியருக்கு மாறலாம் என்று பார்க்கிறேன். ஷிமானோ ஆல்ஃபைன் 8 (வீச்சு, அதாவது கடைசி கியர் முதல் கியரைப்போல எவ்வளவு பெரிது என்பது, 307%), ஸ்டர்மி-ஆர்ச்சரின் 8 கியர் ஹப் (325%), இந்த இரண்டில் எது? பெரும்பாலும் சமதளம், இடையில் சில மேம்பாலங்கள்.

பல்லெண்ணி:
ஸ்டர்மி 8. சதவீதத்தை விடுங்கள், நேர் கியர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இதில் முதல் கியரே நேர் கியர்: பின் பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. மற்ற ஏழும் அதற்கு மேலே, 3.25 மடங்கு வரை. உங்கள் சக்கரம் டயரோடு சுமார் 19 அங்குலம். அதை முன்பல்லால் பெருக்கி, பின்பல்லால் வகுத்து, ஹப் விகிதத்தால் பெருக்கினால் கியர் அளவு அங்குலத்தில் வந்துவிடும்; சிறிதானால் மிதிக்க லேசு, பெரிதானால் வேகம். முன்னால் 30, பின்னால் 20 பல் போட்டால் முதல் கியர் 28.5 அங்குலம், எட்டாவது 92-ஐத் தாண்டும். முன்னால் பெரிய தட்டே (பல்சக்கரமே) தேவையில்லை. சின்னச் சக்கரத்துக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி.

எண்ணெய்க்கை:
கணக்கு சரி, முடிவு தப்பு. சமதளத்தில் சாதாரணமாக ஓட்டுவது 55-லிருந்து 65 அங்குலத்தில். உங்கள் கணக்குப்படி அது 5, 6-வது கியர் (ஹப் விகிதம் 1.92, 2.20). ஆக, நாள் முழுக்க உள்ளே பற்சக்கரங்கள் அரைத்துக்கொண்டே இருக்கும். நேர் கியர் கிடைப்பது மேம்பாலம் ஏறும்போது மட்டும். ஆல்ஃபைனில் 5-வதுதான் நேர் கியர். 52/18 (முன்பல்/பின்பல்) போட்டால் அது 55 அங்குலம், கீழே 29, மேலே 89. அதிகம் ஓட்டும் இடத்தில் அல்லவா நேர் கியர் இருக்க வேண்டும்?

பல்லெண்ணி:
அந்த இழப்பு காலுக்குத் தெரியவா போகிறது? 2001-ல் கைல், பெர்ட்டோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் அளந்தபோது ஹப் கியர்கள் டீரெய்லரைவிட 2 சதவீதம் போலத்தான் பின்தங்கின. டயரில் காற்று குறைந்தால் அதைவிட அதிகம் போய்விடும்.

எண்ணெய்க்கை:
அது சராசரி. ஒரே ஹப்பிலேயே கியருக்குக் கியர் மாறும். சரி, அதை விடுங்கள். எனக்குப் பெரிய விஷயம் முறுக்குவிசை. ஒரே மேட்டில், ஒரே எடையோடு ஏறும்போது 27 அங்குலச் சக்கரத்தைவிட 19 அங்குலச் சக்கரத்தைத் திருப்ப 30% குறைந்த முறுக்கு போதும். அதனால்தான் பெரிய தட்டு போட்டு ஹப்பை வேகமாக, ஆனால் லேசாகச் சுற்ற வைக்க முடிகிறது. 52/18 என்றால் 2.89, 30/20 என்றால் 1.5. பெடலில் அதே மிதி, ஹப்புக்குள் போகும் முறுக்கோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சின்னச் சக்கரம் தந்த சலுகையை நீங்களே திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

ஒற்றைச்செயின்:
இரண்டு பேரும் எட்டை விட்டு இறங்க மாட்டீர்கள் போல. கேட்டவர் சொன்னது சமதளம். ஸ்டர்மி ஏ-டபிள்யூ மூன்று கியர்: 75, 100, 133 சதவீதம். 44/14 போட்டால் 45, 60, 80 அங்குலம். எடையும் சுமார் ஒரு கிலோதான். ஆல்ஃபைன் 8 ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கையில் தூக்குகிற வண்டி என்பதை மறந்துவிட்டீர்களே!

மடிவண்டி:
பையில் சுமையோடு மேம்பாலம் ஏற 45 கொஞ்சம் கனமாக இருக்காதா?

ஒற்றைச்செயின்:
அப்படியானால் 40/14. கீழே 41, நடுவில் 54, மேலே 72. இறக்கத்தில் மிதிக்காமல் உருண்டு போங்கள், என்ன குறைந்துவிடும்?

நேர்வழி:
வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள் என்று யாருமே பேசவில்லை. கியர் கேபிளைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷரை எடுத்து, திரும்ப மாட்டும்போது கேபிளைச் சரிபார்த்து... டீரெய்லர் என்றால் சக்கரம் அரை நிமிடத்தில் கையில். வளைந்து போவதுதான் பிரச்சினை என்றால் இரும்புக் காவல் வளையம் ஒன்று போட்டால் முடிந்தது.

ஒற்றைச்செயின்:
பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டுமா? டயரை ஒரு பக்கம் நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து ஒட்டலாமே. அப்புறம், சிக்னலில் நின்றபடியே ஹப் கியரை இறக்கிக்கொள்ளலாம். டீரெய்லரில் அது நடக்காது.

எண்ணெய்க்கை:
மடிவண்டி, எதை வாங்கும் முன்பும் பின் ஃபோர்க்கின் உள் அகலத்தை அளந்து சொல்லுங்கள். ஆல்ஃபைன் 8-க்கு 135 மி.மீ. வேண்டும். இன்னொன்று, தடித்த ஹப், சின்ன ரிம் என்றால் ஸ்போக் குட்டையாகி நிப்பிளில் சாய்வாக இறங்கும். மூன்று குறுக்கு (ஒரு ஸ்போக் மற்ற மூன்றைக் கடந்து போவது) வேண்டாம், ஒரு குறுக்கில் கட்டச் சொல்லுங்கள்.

மடிவண்டி:
அளந்தேன். 130 மி.மீ. அலுமினிய ஃபிரேம்.

எண்ணெய்க்கை:
அலுமினியத்தை விரிக்காதீர்கள், விரிசல் விடும். 130-க்கு ஷிமானோவின் 7 கியர் ஹப், நெக்ஸஸ் 7 உண்டு, வீச்சு 244%. 48/18 போட்டால் 32-லிருந்து 78 அங்குலம். உங்கள் பாதைக்கு அது தாராளம்.

பல்லெண்ணி:
அதில் சுத்தமான நேர் கியரே கிடையாது. நான்காவதே 0.989. இவ்வளவு நேரம் நேர் கியருக்காக என்னோடு சண்டை போட்டது நீங்கள்தானே?

ஒற்றைச்செயின்:
மூன்று கியருக்கு வாருங்கள். நீள அச்சு வாங்கி இரண்டு பக்கமும் வாஷர் போட்டால் 130-ல் உட்கார்ந்துவிடும்.