65 அங்குல டிவி: சத்தம் வருகிறது, படம் இல்லை

கையில் இருந்த பணத்துக்குள் கிடைத்த பெரிய திரை என்று மூன்று வருடம் முன்பு வாங்கியது. 65 அங்குலம், 4கே, எல்இடி பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு) உள்ள எல்சிடி டிவி. வாரன்டி முடிந்துவிட்டது.

மூன்று வாரம் முன்பு இடது ஓரத்தில் நீல நிறம் படர ஆரம்பித்தது. அப்புறம் படம் இரண்டு வினாடி வந்து அணைந்தது. இப்போது திரை முழுக்கக் கருப்பு. சத்தம் தெளிவாக வருகிறது, ரிமோட்டும் வேலை செய்கிறது.

பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன், எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன். பலனில்லை. இருட்டில் திரைமேல் டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் ஓடுவது தெரிகிறது. அதனால் படம் காட்டும் பேனல் பிழைத்திருக்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். வாங்கிய நாளிலிருந்து பேக்லைட்டை முழு வெளிச்சத்தில், 100-இலேயே வைத்திருந்தேன், அது தப்பு என்று இப்போதுதான் புரிகிறது.

ஒரு மெக்கானிக் கெட்ட ஸ்ட்ரிப்பை (பேக்லைட்டில் உள்ள எல்இடி பட்டை) மட்டும் மாற்றலாம் என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். இவ்வளவு பெரிய பேனலைக் கழற்றும்போது விரிசல் விட்டால் டிவியே போச்சு. அதனால் இரண்டு தடவை திறக்கப் பயமாக இருக்கிறது. புதிது வாங்க இப்போது வழியில்லை.

இந்த அளவு டிவியில் பேக்லைட் மாற்றியவர்கள் சொல்லுங்கள்: கெட்ட ஸ்ட்ரிப்பை மட்டும் மாற்றினால் நிற்குமா, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட வேண்டுமா?