மிஸ்ஸியாக (தாதியாக) இருந்து பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனவர்கள்: நீங்கள் பார்த்தது என்ன?

பிரிக்பீல்ட்ஸ்காரி:

வணக்கம். பல வருஷமாக லேபர் ரூமில் இருக்கிறேன். தாதியான பிறகு படிக்கும் பிரசவப் பயிற்சியான போஸ்ட் பேசிக் மிட்வைஃப்ரி முடித்து, வேலை பார்த்துக்கொண்டே டிகிரியும் முடித்தாகிவிட்டது. இப்போது கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டராகக் கூப்பிடுகிறார்கள். "பென்ஷன் வேலையை விட்டுட்டு யாராச்சும் போவாங்களா" என்கிறார் அம்மா. "போனா அப்புறம் பிள்ளை பிடிக்க உனக்குக் கை வராது" என்கிறார் மேட்ரன். பிரசவம் பார்த்துவிட்டுப் பாடம் நடத்தப் போனவர்கள், துறைத்தலைவர், டீன் வரை போனவர்கள், இவர்களிடம் படித்தவர்களோ பழகியவர்களோ இருந்தால் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

பந்தாய் டாலாம் ஸ்டாஃப் நர்ஸ்:

எங்கள் மேடம் பி.பி.எச். (பிரசவத்துக்குப் பிந்தைய அதிக ரத்தப்போக்கு) பாடத்துக்கு ஸ்லைடே போடவில்லை. வீட்டிலிருந்து ரோஸ் சிராப் கலக்கி பாட்டிலில் கொண்டுவந்தார், பால் விட்டுப் பாண்டுங் கலக்குவோமே, அதே சிராப். ஸ்கில்ஸ் லேப் கட்டிலில் ஒரு பேட், ஒரு வெள்ளைத் துணி, இடுப்பில் கட்டும் பழைய பாத்திக் கைன் ஒன்று. மூன்றிலும் அளந்து ஊற்றிவிட்டு, "எவ்வளவு போயிருக்கும்? எழுதிக் குடுங்க" என்றார்.

வெள்ளைத் துணியைப் பார்த்துப் பயந்து எல்லாரும் கூட்டித்தான் எழுதினோம். கைனை ஒருத்தரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரக்கும் கருநீலமுமாக இருந்த துணியில் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. அதிகமாக ஊற்றியிருந்தது அதில்தான், 700 மில்லி. "நம்ம ஊர்ல பிரசவத்துக்கு வர்றவங்க வெள்ளைத் துணியா கட்டிட்டு வர்றாங்க?" என்று கேட்டுவிட்டுத் தராசை எடுத்து வைத்தார். நனைந்த துணியின் எடையில் காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கு. 500 தாண்டினாலே பி.பி.எச். கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் குறைத்துத்தான் வரும் என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. படித்துத்தான் இருந்தோம். அந்தக் கைனைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. இன்றைக்கும் என் ஷிப்டில் தராசு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

இன்னொன்று. பிரசவம் எப்படிப் போகிறது என்று குறிக்கும் படிவமான பார்ட்டோகிராமில், கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து கோடு போட வேண்டும், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் லேபர் கேர் கைடு என்ற புதுப் படிவத்தைக் கொண்டுவந்து, ஆக்டிவ் ஃபேஸ், அதாவது பிரசவம் வேகமெடுக்கும் கட்டம், 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்றது. அடுத்த செமஸ்டரே தன் நோட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். அப்போது ஓய்வு பெறும் வயசு. வார்டில் அப்போதும் பழைய படிவம்தான் ஓடியது என்பதால் இரண்டையுமே போட வைத்தார், அது வேறு கொடுமை.

நிபோங் திபால் மிஸ்ஸி:

சிராப் கதையைப் படிச்சதும் யாருன்னு தெரிஞ்சு போச்சு. பேர் போடாதீங்கலா, பார்த்தா திட்டுவாங்க.

உங்களுக்கு மேடம், எங்களுக்கு அவங்க மிஸ்ஸிதான். எண்பதுகள்ல பினாங்கு பெருநிலப் பக்கம் கிளினிக் டேசாவில, கிராமத்துக் கிளினிக்ல, இருந்தாங்க. ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள்ல பையை மாட்டிக்கிட்டு தோட்டம் தோட்டமாப் போவாங்க. அப்ப லயத்து வீடுகள்ல இன்னும் பிரசவம் நடக்கும். 1966 மருத்துவச்சிகள் சட்டம் வந்து பதிவெல்லாம் கட்டாயமாகியும், வலி எடுத்தா சனங்க முதல்ல கூப்பிடறது தோட்டத்துப் பாட்டியைத்தான். வேற மிஸ்ஸியா இருந்தா அந்தப் பாட்டியை வெளியே போன்னு கத்துவாங்க. இவங்க தலைமாட்டில உட்கார வச்சு, "இடுப்பை நீவி விடுங்க பாட்டி, கீழ நான் பார்த்துக்கறேன்"னு வேலையைப் பிரிச்சுக்குவாங்க. தொப்புள்கொடியில பாட்டி கை படாது, பாட்டிக்கு மரியாதையும் போகாது. கடைசியில அந்தப் பாட்டியே மாசமான பொண்ணுங்களைக் கிளினிக்குக்கு இழுத்துக்கிட்டு வரும், பேர் பதியறதுக்கு.

அந்தக் காலத்தில இங்கே தாதிகளுக்கு டிகிரியே கிடையாது. படிக்கணும்னா இங்கிலாந்து, ஆஸ்திரேலியான்னு போகணும். தொண்ணூறுகள்லதான் மலாயா பல்கலைக்கழகத்தில ஆரம்பிச்சாங்க. இவங்க ரெண்டு பிள்ளைங்களை மாமியார்கிட்ட விட்டுட்டுப் போய்ப் படிச்சாங்க. "இனிமே படிச்சு என்ன கிழிக்கப்போறே"ன்னு சொந்தக்காரங்க சும்மா விடலை. முனைவர் பட்டம் வாங்கினப்ப வயசு ஐம்பதுகிட்ட.

செந்தூல் அப்பா:

நான் நர்ஸ் இல்லை, டாக்ஸி ஓட்டியவன். மூத்தவள் பிறக்கும்போது என்னை உள்ளே விட்டார்கள். ஒரு பக்கம் மாணவிகள், ஒரு பக்கம் ஹவுஸ்மேன் என்ற பயிற்சி டாக்டர்கள், எல்லாரும் சேர்ந்து "தெரான்! தெரான்!" (முக்கு! முக்கு!) என்று சத்தம். என் மனைவி யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தவித்தாள். வெள்ளைக் கோட்டோடு மூலையில் நின்ற அம்மா ஒருவர் முன்னால் வந்து, "ஒருத்தர் பேசினாப் போதும்" என்று மலாயில் சொன்னார். எல்லாரும் அடங்கிவிட்டார்கள். பிறகு ஒரு மாணவியைக் காட்டி, "நீ பேசு. அவங்களுக்கா முக்கத் தோணும்போது சொல்லு, நீயா அவசரப்படுத்தாதே" என்றார். அந்தச் சீனப் பெண் என் மனைவி காதருகே குனிந்து மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா பிள்ளையைத் தொடவே இல்லை, பிடித்ததும் அந்த மாணவிதான். பெரிய பேராசிரியர் என்று வெளியே வந்த பிறகுதான் தெரியும். இங்கே பேசுவது அவரைப் பற்றித்தானா என்று தெரியவில்லை, ஆனால் அவரும் தமிழர்தான்.

பீஜே கோஆர்டினேட்டர்:

சிராப் கதை மேடம் டீன் நாற்காலியில் இருந்தபோது நான் அவர் கீழே வேலை செய்தேன். டீன் என்றால் பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டு உட்காருவது என்று நினைப்பீர்கள். எங்கள் மேடத்தின் பாதி நேரம் லேபர் ரூம் இடத்துக்குச் சண்டை போடுவதிலேயே போனது.

வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. லாக் புக்கில் இத்தனை பிரசவம் பார்த்தேன், இத்தனை நானே நடத்தினேன் என்று கையெழுத்து வாங்காமல் மாணவி பாஸாக முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கிலோ தாதியர் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் புற்றீசல் மாதிரி. ஹவுஸ்மேனுக்கும் அதே கேஸ் வேண்டும், மெடிக்கல் ஸ்டூடண்டுக்கும் வேண்டும், போஸ்ட் பேசிக்காரர்களுக்கும் வேண்டும். சிசேரியன் கூடிப்போனதால் சுகப்பிரசவத்தின் பங்கு குறைகிறது. ஒரு தாயைச் சுற்றி எத்தனை பேர் நிற்பது? செந்தூல் அப்பா சொன்ன கூட்டம் அப்படிச் சேர்ந்ததுதான்.

மேடம் கண்டுபிடித்த வழி இரவு ஷிப்ட். ராத்திரியில் மெடிக்கல் ஸ்டூடண்ட் கூட்டம் இருக்காது. ஆனால் மாணவியைத் தனியாகப் பிரசவம் பார்க்க விடக்கூடாது, பதிவுபெற்றவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆகவே ராத்திரிக்கு இன்ஸ்ட்ரக்டர் வேண்டும், வேன் வேண்டும், டிரைவருக்கு ஓவர்டைம் வேண்டும். நிதிப் பிரிவு முடியாது என்றது. மேடம் கூட்டத்தில் குரலை உயர்த்தவில்லை. லாக் புக் நிரம்பாததால் செமஸ்டர் தள்ளிப்போகும் மாணவிகளின் பட்டியலை மேசையில் வைத்து, "அடுத்த முறை எம்.கியூ.ஏ. ஆடிட் வரும்போது இதை நீங்களே விளக்கிச் சொல்லுங்க" என்றார். படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பு அது. வேன் வந்தது. மருத்துவமனைப் பக்கம் கன்சல்டன்ட்களோடு பேசியது வேறு விதம்: சிக்கலான கேஸ் எல்லாம் டாக்டர்களுக்கு, சிக்கலில்லாத தாய்மார் எங்களுக்கு, ஆபத்து தெரிந்தால் உடனே கூப்பிடுவோம். மேலே மிஸ்ஸி எழுதியதைப் படித்தபோது, இதை எங்கே கற்றார் என்று புரிந்தது.

குறையும் சொல்லிவிடுகிறேன். கோபக்காரர். ஃபாரம் எதையும் நேரத்துக்குத் தர மாட்டார். ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னால் முகம் சுருங்கும். இணைப் பேராசிரியரோடு நின்றுவிட்டார், பேராசிரியர் ஆகவில்லை. பதவி உயர்வுக் கணக்கில் கட்டுரைக்குப் புள்ளி உண்டு, ராத்திரி லேபர் ரூமில் நின்றதற்குக் கிடையாது. அது அநியாயம் என்பது என் கருத்து. அவர் இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

ஜார்ஜ்டவுன் சிஸ்டர்:

எல்லாரும் புகழ்ந்து தள்ளுகிறீர்கள், என் அனுபவம் வேறு. நான் பார்த்த லெக்சரர்கள் கிளிப்போர்டோடு வருவார்கள், செக்லிஸ்டில் டிக் போடுவார்கள், போய்விடுவார்கள். க்ளவுஸ் போட்டு ஒருத்தரையும் பார்த்ததில்லை. ஷோல்டர் டிஸ்டோசியா, அதாவது பிள்ளையின் தோள் சிக்கிக்கொள்வது, வந்தால் முதலில் பின்னால் நகர்வது அவர்கள்தான், தாயின் காலை மடக்கிப் பிடிப்பது நாங்கள். பாதிப் பாடம் வார்டில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது, சம்பளக் கிரேடு அவர்களுக்கு. நர்ஸின் அப்போதைய யு29 எங்கே, லெக்சரரின் டி.எஸ்.45 எங்கே! உங்கள் மேடம் விதிவிலக்கு.

பீஜே கோஆர்டினேட்டர்:

சிஸ்டர், மறுக்கவில்லை. ஆனால் அந்த கிளிப்போர்டு லெக்சரரிடம் கேட்டுப் பாருங்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வகுப்பு, விடைத்தாள், கூட்டம், கே.பி.ஐ. என்ற வேலை இலக்குக் கணக்கு. வார்டில் கை வைக்க மருத்துவமனை அவருக்குக் கடிதம் தந்திருக்காது. தொடு என்றாலும் தொட முடியாது. அந்தக் கடிதத்தை வாங்கிக்கொடுக்க வேண்டியது டீன். வாங்காத டீன்களும் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ்காரிக்கு: சம்பளத்தை மட்டும் பேசிவிட்டு வராதே. வாரத்தில் ஒரு நாளாவது லேபர் ரூம் என்று நியமனக் கடிதத்திலேயே எழுத்தில் வாங்கு. தாதியாக வேலை பார்க்கும் சான்றிதழான ஏ.பி.சி.யை வருஷா வருஷம் புதுப்பி, தொடர் பயிற்சிக்கான சி.பி.டி. புள்ளியை விட்டுவிடாதே.

ஜார்ஜ்டவுன் சிஸ்டர்:

அதை அவர்கள் எழுதிக் கொடுத்தால் நானே விண்ணப்பிக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்காரி:

அனுப்பிய ஆஃபர் லெட்டரை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். வகுப்பு நேரம் இருக்கிறது, கே.பி.ஐ. ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது, மருத்துவமனை என்ற பேச்சே இல்லை. திங்கட்கிழமை எச்.ஆருக்கு போன் போடுகிறேன். அந்தக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று யாரிடமாவது மாதிரி இருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பெயர்களை அடித்துவிட்டு.